பணித்தகைமை உணர்வும் பணியிட நல்வாழ்வும்

பணியிட நல்வாழ்வைப் பற்றிப் பேசும்போது ஊதியம், வேலை நேரம், மேலதிகாரியின் நடத்தை, ஓய்வு ஆகியவற்றையே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். இவை யாவும் இன்றியமையாதவை. எனினும், ஒரே அலுவலகத்தில், ஒரே ஊதியத்தில், ஒரே மேலதிகாரியின்கீழ் வேலை செய்யும் இருவரில் ஒருவர் நிம்மதியாக உறங்குகிறார், மற்றவர் உறங்குவதில்லை. நிறுவனத்தில் ஆட்குறைப்பு வரக்கூடும் என்ற செய்தி இருவரையும் ஒரே நாளில் எட்டுகிறது. ஒருவர் வருந்திவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று எண்ணத் தொடங்குகிறார். மற்றவர் வாயடைத்துப் போகிறார். இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, “இந்த வேலை போனால் எனக்கு வேறொன்று கிடைக்குமா?” என்னும் கேள்விக்கு ஒவ்வொருவரும் தமக்குள் கூறிக்கொள்ளும் விடை. அவ்விடைக்கும் பணியிட நல்வாழ்வுக்கும் உள்ள தொடர்பையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

1. சொல்லும் பொருளும்

ஒருவர் தமக்குள்ள வேலையைத் தக்கவைத்துக்கொள்ளவும், தேவைப்படும்போது வேறொன்றைப் பெறவும் வல்லவராயிருக்கும் நிலையை இங்குப் ‘பணித்தகைமை’ என்று குறிப்பிடுகிறோம். அந்நிலை தமக்கு உண்டு அல்லது இல்லை என்று அவர் கொள்ளும் மதிப்பீட்டைப் ‘பணித்தகைமை உணர்வு’ என்கிறோம். இவ்விரண்டும் ஒன்றல்ல. தகுதி நிரம்பப் பெற்றவர் தம்மை யாரும் ஏற்கமாட்டார் என்று நம்பலாம். தகுதி குறைந்தவர் எங்கும் வேலை கிடைக்கும் என்று நம்பலாம். மனநலத்தை நேரடியாகத் தொடுவது பெரும்பாலும் இரண்டாவதாகிய உணர்வே.

இக்கருத்தின் வரலாறு நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில், வேலையற்றோரை ‘வேலைக்கு உகந்தவர்’, ‘உகாதவர்’ என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது. உகாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவரின் வறுமைக்கு அவருடைய குணமே காரணம் என்று கருதப்பட்டது. வில்லியம் பெவரிட்ஜ் 1909இல் வெளியிட்ட நூலில், வேலையின்மை தொழில்துறையின் அமைப்பைச் சார்ந்த சிக்கல் என்று வாதிட்டார். தனிமனிதரின் பொறுப்பு எவ்வளவு, சூழலின் பொறுப்பு எவ்வளவு என்ற வினா அன்று முதல் இன்றுவரை இக்கருத்தை விட்டு நீங்கவில்லை.

அண்மைக் காலத்தில் உளவியலாளர் இதனை நுணுகி ஆராய்ந்துள்ளனர். ஃபியூகேட், கினிக்கி, ஆஷ்ஃபர்த் ஆகிய மூவரும் 2004இல் எழுதிய கட்டுரையில் பணித்தகைமையை மூன்று கூறுகளாக வகுத்தனர். முதலாவது, ‘தொழில் வாழ்வில் நான் யார்?’ என்னும் தெளிவு. இரண்டாவது, மாற்றத்துக்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்ளும் இயல்பு. மூன்றாவது, கல்வி, அனுபவம் ஆகியவற்றோடு நம்மை அறிந்த மனிதர்களின் தொடர்பும் சேர்ந்த முதல். 2007இல் ரோத்வெல், ஆர்னால்ட் ஆகிய இருவரும் பணித்தகைமை உணர்வை அளக்க ஒரு வினாத்தொகுதியை உருவாக்கினர். நிறுவனத்துக்குள்ளேயே வேறு பொறுப்பை ஏற்க இயலும் என்ற நம்பிக்கை, வெளியே வேறு நிறுவனத்தில் வேலை பெற இயலும் என்ற நம்பிக்கை ஆகிய இரண்டையும் அவர்கள் கருத்தில் கொண்டனர். இப்பகுப்பு பயனுடையது. நிறுவனத்துக்குள் பெரிதும் மதிக்கப்படும் மூத்த ஊழியர் பலர், வெளியுலகில் தமக்கு இடமில்லை என்றே எண்ணுகின்றனர்.

2. வேலை தருவது ஊதியம் மட்டுமா?

வேலையை இழப்பது பற்றிய அச்சம் ஏன் இவ்வளவு ஆழமானது என்பதை அறிய, வேலை மனிதருக்கு என்னென்ன தருகிறது என்பதை முதலில் காண வேண்டும். ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்று நம்மவர் சொல்லி வந்தனர். ஆண்களை மட்டும் முன்னிறுத்தும் அப்பழமொழியின் குறையை நீக்கிவிட்டுப் பார்த்தால், வேலை ஒருவரின் அடையாளத்தோடு பிணைந்தது என்னும் உண்மை அதில் அடங்கியுள்ளது.

இதனை முறையாக ஆராய்ந்த முன்னோடி முயற்சி ஆஸ்திரியாவில் நிகழ்ந்தது. வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியன்டால் என்னும் சிற்றூர் ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929, 1930ஆம் ஆண்டுகளில் அவ்வாலை மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அவ்வூரில் ஆய்வு செய்து 1933இல் நூலாக வெளியிட்டனர். ஓய்வு நேரம் மிகுந்ததால் மக்கள் கூடுதலாகப் படித்திருப்பர், பொதுப்பணியில் ஈடுபட்டிருப்பர் என்று நாம் எதிர்பார்க்கலாம். நடந்தது வேறு. நூலகத்தில் இரவல் பெறப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் ஆண்களின் நடைவேகம்கூடத் தளர்ந்திருந்ததை ஆய்வாளர் அளந்து கண்டனர்.

வேலை தரும் மறைமுக நன்மைகளைப் பிற்காலத்தில் யஹோடா ஐந்தாகத் தொகுத்தார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, தன்னினும் பெரிய நோக்கத்தில் பங்கு, சமூகத்தில் ஓர் இடம், இடையறாத செயற்பாடு. ஆகவே, வேலை போகுமோ என்று அஞ்சுபவர் மாத வருமானத்துக்காக மட்டும் அஞ்சுவதில்லை. இவ்வைந்தும் ஒருசேரக் கைநழுவும் என்பதே அவருடைய அச்சம்.

3. அச்சம் எவ்வாறு நலத்தைக் கெடுக்கிறது?

வேலை உண்மையில் போவதற்கு முன்னரே, போகுமோ என்ற ஐயம் தீங்கு செய்யத் தொடங்குகிறது. கிரீன்ஹால், ரோசன்பிளாட் ஆகியோர் 1984இல் வேலைப் பாதுகாப்பின்மையை விளக்கியபோது, அதன் மையத்தில் ‘கையறு நிலை’யை வைத்தனர். அச்சுறுத்தல் ஒருபுறம், அதை எதிர்கொள்ள என்னால் ஒன்றும் செய்ய இயலாது என்ற எண்ணம் மறுபுறம். இரண்டும் சேரும்போதே மனம் நைகிறது. இழப்பு உறுதியாகிவிட்டால் துயருற்று, பின்னர் வழி தேடலாம். உறுதியாகாத இழப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்குத் துயரமும் முடிவதில்லை, தேடலும் தொடங்குவதில்லை.

பணித்தகைமை உணர்வு இவ்விடத்தில்தான் செயற்படுகிறது. அது செயற்படும் வழிகளை மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, அது அச்சத்தின் அளவைக் குறைக்கிறது. வேறு வேலை கிடைக்கும் என்று நம்புபவர்க்கு வேலையிழப்பு ஓர் இடர்ப்பாடு. நம்பாதவர்க்கு அது பேரிடர். பெல்ஜியத்தைச் சேர்ந்த நெலே டி கைப்பர், ஹான்ஸ் டி விட்டே முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று தருகிறது. பணித்தகைமை உணர்வு மிக்கவரிடம் வேலைப் பாதுகாப்பின்மை உணர்வு குறைவாக இருந்தது. அது குறைந்தவரிடம் பணியீடுபாடும் வாழ்க்கை மனநிறைவும் கூடுதலாக இருந்தன. சுவீடனில் பெர்ன்ட்சன், மார்க்லுண்ட் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஊழியர்களை ஓராண்டு இடைவெளியில் இருமுறை வினவியது. முதல் முறை தம் பணித்தகைமையை உயர்வாக மதிப்பிட்டவர்கள், அடுத்த முறை தம் பொது உடல்நலத்தையும் மனநலத்தையும் மேலானதாகக் குறிப்பிட்டனர்.

இரண்டாவது, அது ஊழியருக்குக் குரல் தருகிறது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், அமைப்பொன்றின் தரம் குறையும்போது அதைச் சார்ந்தோர் வெளியேறலாம், அல்லது குரல் எழுப்பலாம் என்றும், இவற்றுள் எதைத் தேர்கின்றனர் என்பதில் பற்றுறுதிக்குப் பங்குண்டு என்றும் விளக்கினார். வெளியேற வழியுண்டு என்று அறிந்தவரின் குரலுக்கு எடை கூடுகிறது. மிகை நேர வேலைக்குரிய ஊதியம் தரப்படாதபோதும், பாதுகாப்பற்ற முறையில் வேலை வாங்கப்படும்போதும், அவர் அதை எடுத்துச் சொல்லத் துணிகிறார். வழியில்லை என்று எண்ணுபவர் சகித்துக்கொள்கிறார். அவருடைய அமைதியை நிறுவனம் மனநிறைவு என்று தவறாகப் பொருள்கொள்கிறது.

மூன்றாவது, அது அடுத்த முயற்சிக்கு ஊக்கம் தருகிறது. தம்மால் ஒன்றைச் செய்ய இயலும் என்ற நம்பிக்கையே முயற்சியின் அளவையும் விடாப்பிடியையும் பெரிதும் முடிவு செய்கிறது என்று ஆல்பர்ட் பண்டுரா 1977இல் எடுத்துரைத்தார். நம்பிக்கை உள்ளவர் பயிற்சிக்குச் செல்கிறார்; புதிய பொறுப்பைக் கேட்டுப் பெறுகிறார்; அதனால் தகுதி உயர்கிறது; நம்பிக்கை மேலும் வளர்கிறது. இல்லாதவர் ஒதுங்கியிருக்கிறார், ஒதுங்கியிருப்பதால் பின்தங்குகிறார்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நலமுடையவரே தம்மைத் தகுதியுடையவராக எண்ணுதல் இயல்பு. மனச்சோர்வுற்றவருக்குத் தம் திறமைகள் யாவும் சிறியனவாகவே தோன்றும். எனவே, உணர்வு நலத்தை உண்டாக்குகிறது என்று ஒருதலையாக முடிவு செய்தல் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்று கொள்வதே பொருந்தும்.

4. நிரந்தர வேலையும் அடைபட்ட நிலையும்

நிரந்தர வேலை உடையவருக்கு இச்சிக்கல் இல்லை என்று சிலர் எண்ணக்கூடும். சுவீடனில் ஆரோன்சன், யோரான்சன் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை மறுக்கிறது. நிரந்தரப் பணியில் இருந்தும், தாம் விரும்பாத தொழிலில் அடைபட்டிருப்பதாகக் கூறியவர்களிடம் தலைவலி, களைப்பு, மனத்தளர்ச்சி ஆகியவை மிகுந்து காணப்பட்டன. கதவு மூடியிருக்கிறது என்னும் எண்ணமே சுமையாகிறது. அதே கதவு திறந்திருக்கிறது என்று அறிந்தால், பலர் வெளியே செல்லாமல் அதே வேலையில் மனமுவந்து நீடிப்பதும் உண்டு.

பயிற்சி கொடுத்தால் ஊழியர் வேறிடம் போய்விடுவர் என்று அஞ்சும் முதலாளிகள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். போக முடியாதவர்களை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் நிறுவனம், சோர்ந்தவர்களின் நிறுவனமாகிவிடும்.

5. நம் வட்டாரத்தின் பட்டறிவு

இக்கருத்துகள் மேலைநாட்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை என்றாலும், இவற்றின் உண்மையை நம் முன்னோர் தம் வாழ்க்கையில் கண்டவர்களே.

மலேசியத் தோட்டப்புறங்களில் மரம் சீவுதல் நுட்பமான தொழில். பட்டையை மெல்லிதாகச் சீவ வேண்டும். ஆழம் சற்றே மிகுந்தாலும் உட்புறத் திசு காயமுற்று மரம் கெடும். பால் நன்கு ஊறும் விடியற்காலைக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தமிழர் இத்திறனைப் பெற்றிருந்தனர். பின்னர் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் நகர வளர்ச்சிக்கும் இடம் விட்டன. தொழிலாளியின் கைத்திறன் ஒரு சிறிதும் குறையவில்லை. அதை விலைகொடுத்துப் பெறுவோர்தாம் இல்லாமற் போயினர். நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்த பலர், ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லும் நிலைக்கு ஆளாயினர். பணித்தகைமை என்பது தனிமனிதரின் குணம் மட்டுமன்று. சந்தையின் தேவையும் சேர்ந்ததே என்பதை இது காட்டுகிறது.

சிங்கப்பூரில் 1968 ஜனவரியில், பிரிட்டிஷ் படைகள் வெளியேறவுள்ளன என்னும் அறிவிப்பு வந்தது. 1971 முடிவதற்குள் அவற்றுள் பெரும்பாலானவை வெளியேறின. படைத்தளங்களை நம்பி வாழ்ந்த பல்லாயிரவர் வேலையிழப்பை எதிர்நோக்கினர். அவர்களுள் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பணியாற்றிய மலையாளிகளும் தமிழரும் பலர். எனினும், அங்கிருந்த கப்பல் பட்டறை 1968 இறுதியில் சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறி, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளமாயிற்று. போர்க்கப்பலைப் பழுதுபார்த்த பற்றவைப்பாளரும் பொருத்துநரும் வணிகக் கப்பலிலும் அதே திறனைப் பயன்படுத்த முடிந்தது. வேலையிழந்தோர்க்கு மறுபயிற்சி வகுப்புகளும் நடத்தப்பட்டன. திறன் ஒன்றே, அதற்குப் புதிய பயன் கண்ட ஏற்பாடு நம்பிக்கையை மீட்டது.

1972இல் தஞ்சோங் பகார் முனையத்தில் கொள்கலன் கப்பல்கள் வரத் தொடங்கின. அதுவரை மூட்டைகளைக் கூட்டாக ஏற்றி இறக்கிய துறைமுகத் தொழிலாளர்க்கு வேலை சுருங்கியது. பாரந்தூக்கிகளையும் ஊர்திகளையும் இயக்கக் கற்றவர்கள் தொடர்ந்தனர். கற்க இயலும் என்று நம்பியவரே கற்க முன்வந்தனர் என்பதை நாம் ஊகித்து உணரலாம்.

இன்று அதற்கான அமைப்புகள் விரிந்துள்ளன. 2015இல் தொடங்கப்பட்ட ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கத்தின்கீழ், 2016 முதல் 25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்க்குப் பயிற்சிக்காக 500 வெள்ளி வழங்கப்பட்டது. 2024 மே மாதம் முதல், 40 வயதும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு மேலும் 4,000 வெள்ளி வழங்கப்படுகிறது. 2025 ஏப்ரலில், தம் விருப்பமின்றி வேலையிழந்தவர் தகுதி பெற்றால் ஆறு மாதம் வரை மொத்தம் 6,000 வெள்ளி வரை பெறும் ஆதரவுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவில் பெர்கேசோ நிர்வகிக்கும் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 முதல் இயங்கி வருகிறது. இத்தகைய திட்டங்கள் பணம் தருவதோடு நில்லாமல், கையறு நிலையைத் தளர்த்துகின்றன. வேலை தேட ஆறு மாதம் அவகாசம் உண்டு என்று அறிந்தவர், வந்த முதல் வேலையை அச்சத்தால் ஏற்க வேண்டியதில்லை.

6. நம்பிக்கை மட்டும் போதுமா?

‘உன்னை நீ நம்பு, வேலை தானே வரும்’ என்று ஊழியரிடம் சொல்லிவிட்டு ஒதுங்குவது நேர்மையன்று. பெவரிட்ஜ் காலத்தில் எழுந்த வினா இங்கு மீண்டும் எழுகிறது. விண்ணப்பத்தில் வயதைப் பார்த்தவுடனே ஒதுக்கப்படும் ஐம்பத்தைந்து வயதினரிடம் நம்பிக்கைப் பயிற்சி நடத்துவதில் பயனில்லை. ஒதுக்கும் வழக்கத்தையே மாற்ற வேண்டும். சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், வயது, இனம், சமயம், மொழித்திறன், மனநிலை சார்ந்த நோய் முதலியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வகை செய்கிறது. சட்டம் திறக்கும் கதவும் பணித்தகைமை உணர்வின் ஒரு பகுதியே.

மேலும், எப்போதும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டேயிருக்க வேண்டும் என்ற நெருக்குதல் தானே ஒரு சுமையாகிவிடக்கூடும். பகல் முழுதும் வேலை, மாலையில் வகுப்பு, வார இறுதியில் குடும்பக் கடமை என்று ஓடுபவரிடம் இன்னொரு சான்றிதழைக் கேட்பது நல்வாழ்வை வளர்க்காது. வேலை நேரத்திலேயே கற்க இடமளிப்பதும், ஒரே பணியில் ஆண்டுக்கணக்கில் தேக்கி வைக்காமல் பல்வேறு பொறுப்புகளில் ஈடுபடுத்துவதும், ‘இதை நீங்கள் நன்றாகச் செய்தீர்கள்’ என்று குறிப்பாக எடுத்துச் சொல்வதும் மேலதிகாரியின் கடமைகள். சான்றிதழைவிட இவை ஆழமான நம்பிக்கையை விதைக்கின்றன.

7. பெயரிட்டால்தான் திறன்

மொழிக்காக அமைந்த மேடையில் இப்பொருளைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தம் திறனைச் சொல்லத் தெரியாதவர் அதை நம்பவும் தடுமாறுவார். துறைமுகத்தில் உழைத்தவர், ‘மூட்டை தூக்கினேன்’ என்று ஒரே சொற்றொடரில் தம் முப்பதாண்டு உழைப்பை முடித்துக்கொள்வார். ஆனால், சரக்கின் எடையைச் சமன்செய்து அடுக்கியதும், மழை வருமுன் எதை முதலில் இறக்க வேண்டும் எனத் தீர்மானித்ததும், பத்துப் பேரை ஒருங்கிணைத்ததும், காயமின்றி நாளை முடித்ததும் அதில் அடங்கியுள்ளன. இவை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அப்பெயர்களை அவருடைய தாய்மொழியில் அவருக்கு எடுத்துச் சொல்பவர், அவர் கையில் ஏற்கெனவே உள்ள முதலை அவருக்கே அடையாளம் காட்டுகிறார். வேலைவாய்ப்பு ஆலோசகர், தொழிற்சங்கத் தொண்டர், பெற்றோருக்காகப் படிவம் நிரப்பும் பிள்ளை ஆகிய யாரும் இதனைச் செய்யலாம்.

மாணவர்க்கும் இது பொருந்தும். பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் சொன்னதைப் பாட்டிக்குத் தமிழில் விளக்கும் மாணவி, தனக்கு ஒரு திறன் இருப்பதாக எண்ணுவதில்லை. அதை வீட்டுக் கடமை என்றே கருதுகிறாள். ஒரு மொழியில் கேட்டதைப் பொருள் சிதையாமல் மற்றொரு மொழியில், கேட்பவரின் வயதுக்கும் அச்சத்துக்கும் ஏற்ப எடுத்துரைத்தல் எளிதன்று. மருத்துவம், முதியோர் பராமரிப்பு, நீதிமன்றம், ஊடகம், பாலர் கல்வி ஆகிய துறைகளில் அத்திறனுக்குத் தேவை உண்டு. தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கும் மாணவரிடம், வேலைகளின் பட்டியலை மட்டும் நீட்டுவது போதாது. அவரிடம் ஏற்கெனவே உள்ள திறன்களை அவரே சொல்லும்படி வகுப்பில் பழக்குதல் மேலும் பயன் தரும்.

இதனைச் செய்வதற்கு எளிய பயிற்சி ஒன்று போதும். மாணவர் ஒவ்வொருவரும் கடந்த மாதம் பிறருக்குப் பயன்படும்படி செய்த ஒரு செயலை எழுதட்டும். அதில் எதை முடிவு செய்தார், எந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தார், யாரோடு சேர்ந்து செய்தார் என்று குறிக்கட்டும். பின்னர் அதே திறன் தேவைப்படும் வேறு இரண்டு இடங்களை வகுப்புத் தோழர் சுட்டட்டும். கட்டுரைப் பயிற்சியாகவும் இது அமையும்.

ஆசிரியர்களும் தமக்காக இதனை ஒருமுறை செய்து பார்க்கலாம். வகுப்பறையில் பல ஆண்டுகள் கழித்தவர், தமக்குக் கற்பித்தல் தவிர வேறொன்றும் தெரியாது என்று சொல்வதை நாம் கேட்கிறோம். நாற்பது சிறாரின் கவனத்தை ஒருமுகப்படுத்துதல், கடினமான கருத்தை எளிமையாக்குதல், பெற்றோரின் சினத்தைத் தணித்தல், பாடநூல் எழுதுதல் ஆகியவை சிறியன அல்ல. இவற்றை உணர்ந்த ஆசிரியர் பள்ளியை விட்டுப் போகவேண்டும் என்பதில்லை. போக வழியில்லாததால் இருக்கிறேன் என்பவரைவிட, விரும்பி இருக்கிறேன் என்பவர் மாணவர் முன் வேறுவிதமாக நிற்பார்.

ஆகவே, பணித்தகைமை உணர்வை வளர்ப்பது மூவரின் கூட்டுப் பணி. ஊழியர் தம் திறனை அறிந்து வளர்த்துக்கொள்ள வேண்டும். முதலாளி அதற்கு நேரமும் இடமும் தர வேண்டும். சமூகமும் அரசும் திறனுக்கு ஏற்ற வேலையையும் பாகுபாடற்ற வாயிலையும் உறுதிசெய்ய வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், மற்ற இரண்டின் பயன் முழுமையடைவதில்லை.